முள்ளை எண்ணிப் பொய்யைப் பிடிக்க முடியுமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போனில் நடக்கும் நேர்காணலில் என் குரலை ஒரு மென்பொருள் அலசும், உண்மை சொல்கிறேனா என்று பார்க்கும் என்கிறார்கள். அப்படிக் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

குரலை அலசிப் பொய்யைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள் 1970களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தவை. இறுகி நிற்கும் தசை வினாடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்ணியதாக நடுங்கும். கை கால்களில் அளந்து பார்த்த உண்மை இது. பொய் சொல்லும்போது குரல்வளையில் அந்த நடுக்கம் அடங்கிவிடும், குரலைக் கேட்டே அதைப் பிடிக்கலாம் என்பது விற்பவர்கள் சேர்த்துக்கொண்டது. ஷிப், இஸ்டெப்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் குரல்வளைத் தசைகளிலேயே மின்முனை வைத்து அளந்தார்கள். அப்படியொரு நடுக்கம் அங்கே இல்லை என்று 1981இல் எழுதினார்கள்.

அடுத்து வந்தது, இஸ்ரேலில் உருவான 'லேயர்டு வாய்ஸ் அனாலிசிஸ்' என்ற மென்பொருள். இதன் காப்புரிமை ஆவணத்திலேயே நிரலும் இருக்கிறது, ஏறத்தாழ 500 வரி. எரிக்சன், லசெர்டா என்ற ஸ்வீடன் ஒலியியலாளர்கள் 2007இல் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள்.

அது செய்யும் வேலை இவ்வளவுதான். மைக்கிலிருந்து வரும் அலையைக் கணினி வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. அடுத்தடுத்த மூன்று எண்கள் 40, 47, 42 என்றிருந்தால், நடு எண் இருபுறத்தையும் விட உயர்ந்து நிற்கிறது. அது ஒரு 'முள்'. 40, 33, 38 என்று நடு எண் தாழ்ந்திருந்தாலும் முள்தான். 45, 45, 46 என்று கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போனால் 'சமவெளி'. முள் எத்தனை, சமவெளி எத்தனை, எவ்வளவு நீளம் என்று எண்ணி, அந்தக் கணக்குக்குத்தான் பதற்றம், ஏமாற்று என்றெல்லாம் பெயர் வைக்கிறார்கள். முள்ளுக்கும் மனசுக்கும் என்ன தொடர்பு? அதைக் காட்டும் உடலியல் சான்று எதுவும் இல்லை. அதே பேச்சை வினாடிக்கு 8,000 முறை அளந்தால் ஒரு கணக்கு வரும். 11,025 முறை அளந்தால் வேறு கணக்கு வரும்.

செல்போன் நடுவில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் குரல் அலை அப்படியே மறுமுனைக்குப் போவதில்லை. ஏஎம்ஆர் என்ற சுருக்கும் முறை பேச்சை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டில் 160 அளவுகள், ஒவ்வொரு அளவுக்கும் 13 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) என்று மொத்தம் 2,080 பிட். இவ்வளவையும் அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் வாயும் தொண்டையும் அந்தக் கணத்தில் என்ன வடிவில் இருந்தன, சுருதி என்ன, மிச்சம் எந்த மாதிரி அலையை ஒத்திருக்கிறது என்ற குறிப்புகளை மட்டும் 244 பிட்டுக்குள் அடக்கி அனுப்புகிறது. சிக்னல் மோசமானால் அது 95 பிட் வரை இறங்கும். மறுமுனைப் போன் அந்தக் குறிப்புகளை வைத்து ஒரு குரலைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. நம் காதே அதை அசல் என்று நம்பிவிடுகிறது. பொறியியலில் இதைவிட அழகான வேலை குறைவு. ஆனால் அந்த அலையில் இருக்கும் முட்கள் உங்கள் தொண்டையில் முளைத்தவை அல்ல, சுருக்கும் முறை முளைக்க வைத்தவை. வோல்ட்இ என்ற 4ஜி அழைப்பில் எண்கள் மாறும், அடிப்படை அதேதான். வண்டிகள் இரையும் சில்க் போர்டு சந்திப்பில் நின்று பேசினால் இரைச்சலை வடிகட்டும் மென்பொருளும் தன் பங்குக்கு அலையை மாற்றும்.

களத்தில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் புதிதாகக் கைதான 319 பேரிடம் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்டு, பதிலைச் சிறுநீர்ப் பரிசோதனையுடன் ஒப்பிட்டார்கள். 2008இல் வெளியான முடிவு: பொய் சொன்னவர்களில் கருவிகள் பிடித்தது சராசரியாக 15 சதவீதம். ஆனால் கருவி இருப்பது தெரிந்ததும் பொய் சொன்னவர்கள் 14 சதவீதமாகக் குறைந்தார்கள். கருவியில்லாத முந்தைய ஆய்வில் அது 40 சதவீதம். வேலை செய்தது பயம். மந்திரித்த எலுமிச்சம்பழத்தைக் காட்டித் திருடனைப் பிடிப்பதும் இதே வழிதான். அதற்கு லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு பங்கை இந்திய அறிவியல் கழகம் போன்ற இடத்தில் தமிழ், கன்னடப் பேச்சை வைத்து ஒரு நடுநிலைச் சோதனை நடத்தக் கொடுத்திருக்கலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல், சம்மதமில்லாமல் பாலிகிராஃப், நார்கோ, மூளை வரைவுச் சோதனைகள் நடத்தக் கூடாது என்றது. 2019இல் வேறொரு வழக்கில், நீதித்துறை நடுவர் உத்தரவிட்டால் குரல் மாதிரி தர வேண்டும் என்றது. அது குரல் யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க. சொன்னது உண்மையா என்று பார்க்க அல்ல.

நிறுவனம் விடாப்பிடியாக இருந்தால், இப்படிக் கேளுங்கள்: ஒரே பதிவை மூன்று போன்கள் வழியாக, ஒன்றை நல்ல சிக்னலிலும் ஒன்றை லிஃப்டுக்குள்ளிருந்தும் அனுப்பி, உங்கள் மென்பொருளில் போட்டுக் காட்டுங்கள். பேசியவரும் பேச்சும் மாறவில்லை. மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்போம்.