"வலிக்கலைங்க மேடம், அதான் வரலை"

ரெண்டு மாசத்துல இது மூணாவது கேஸ். மனசு ஆறல, அதனால ஓபி முடிஞ்ச கையோட உக்காந்து எழுதுறேன்.

கோயம்புத்தூர்ல கண் டாக்டரா இருந்தா கண்ணுல இரும்புத்தூளுங்கறது தினப்படி சமாச்சாரம். கணபதி பக்கம் லேத், வெல்டிங், கிரைண்டிங்னு பட்டறைங்க வரிசையா இருக்கு, அங்கருந்து வர்றவங்களுக்குத் தூளை எடுத்து விடுறது எங்களுக்குக் காலைல டீ குடிக்கற மாதிரி. ஆனா இந்த மூணு பேரும் பட்டறை ஆளுங்க இல்ல. ஐடி வேலை, காலேஜ் படிப்புன்னு இருந்துட்டு, சனி ஞாயிறுல மொட்டை மாடியில செங்கல் அடுக்கி உலை வெச்சு, லாரி ஸ்பிரிங் பட்டையையும் பழைய அரத்தையும் பழைய இரும்புக் கடையில வாங்கிட்டு வந்து, வீடியோ பாத்து கத்தி அடிக்கக் கத்துக்கற பசங்க.

கத்துக்கறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். நேத்து வந்த தம்பி கொடுமணல் போய்ப் பாத்திருக்கான், நொய்யல் கரையில நம்ம ஆளுங்க அவ்வளவு காலத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கியிருக்காங்கன்னு தெரிஞ்சதுல இருந்து பிடிச்ச பைத்தியமாம். போன்ல அவன் செஞ்ச கத்தியக் காட்டினான், அழகா இருந்துச்சு. அதான் எனக்கு இன்னும் கஷ்டமாயிடுச்சு.

என்ன நடந்துச்சுன்னா, பன்னெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு பழைய அரத்தை ரெண்டாக்கணும்னு, உலையில காய வெக்காம அப்படியே பட்டறைக்கல்லு மேல வெச்சு சுத்தியால ஓங்கி அடிச்சிருக்கான். "சுருக்குன்னுச்சுங்க மேடம், கொஞ்ச நேரம் தண்ணி வந்துச்சு, அப்புறம் வலிக்கவே இல்லைங்க." இப்ப கண்ணுக்குள்ள கருப்பா என்னமோ மிதக்குது, மங்கலா தெரியுதுன்னு வந்திருக்கான். ஸ்லிட் லேம்ப்ல, அதான் கண்ணைப் பெருசாக்கிப் பாக்கற மைக்ராஸ்கோப்ல, பாத்தா கருவிழியில (கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற படலம்) சின்ன கோடு மாதிரி ஒரு வெட்டு, அதுவா மூடிக்கிச்சு. சிடி ஸ்கேன்ல இரும்புச் சில்லு கண்ணோட பின்பக்கம், விழித்திரை மேல ஒக்காந்திருக்கு.

இந்த "வலிக்கல"ங்கற வார்த்தையக் கேட்டாலே எனக்குப் பதறுது. நல்லா கேட்டுக்கோங்க. கிரைண்டர் தூள் கருவிழியோட மேற்பரப்புல ஒட்டிக்கும். அங்க நரம்பு நெருக்கமா இருக்கறதால கண்ணைத் திறக்கவே முடியாது, அலறிக்கிட்டு அன்னிக்கே வந்துடுவீங்க, நாங்களும் பத்து நிமிஷத்துல எடுத்துடுவோம். சுத்தியால அடிக்கும்போது தெறிக்கற சில்லு அப்படி இல்ல. சின்னது, கூரானது, அவ்வளவு வேகமா வரும், அரை மில்லிமீட்டர் கனம் இருக்கற கருவிழியத் துளைச்சு உள்ள போயிடும், போன வழியும் மூடிக்கும். விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது. அப்ப வலி நின்னு போச்சுன்னா சரியாயிடுச்சுன்னு இல்ல, சில்லு உள்ள போயிருக்கலாம்னுதான் நினைக்கணும். உள்ள கிடக்கற இரும்பு மெல்ல கரைஞ்சு விழித்திரையைக் கெடுத்துக்கிட்டே இருக்கும், ராத்திரில பார்வை குறையும், லென்ஸ்ல புரை விழும். கிருமியும் கூட போயிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல கண்ணே போயிடும். பொறி சூடா வருது, கிருமி செத்துடும்னு ஒரு பையன் என்கிட்டயே வாதாடினான், தயவுசெஞ்சு அப்படி நம்பாதீங்க.

அரம் மாதிரி பதம் ஏறி கெட்டியான இரும்பை உலையில காய வெக்காம பச்சையா அடிக்காதீங்க. அது வளையாது, சில்லு சில்லா தெறிக்கும். சுத்திய சுத்தியால அடிக்கறது, காலி பட்டறைக்கல்லை ஓங்கி அடிக்கறது எதுவும் வேண்டாம். உளியோட தலை அடி வாங்கி காளான் மாதிரி விரிஞ்சிருந்தா முதல்ல அந்த விளிம்பை கிரைண்டர்ல எடுத்துடுங்க, அங்கருந்துதான் சில்லு பிச்சிக்கிட்டு வரும். இதெல்லாம் ஒரு கொல்லுப்பட்டறையில ஆசாரிகிட்ட நாலு நாள் நின்னாலே திட்டு வாங்கி கத்துக்கிடுவீங்க, வீடியோவுல திட்டறதுக்கு ஆள் இல்ல.

கண்ணாடி விஷயம். "பவர் கண்ணாடி போட்டிருந்தேன்"னு சொல்றவங்க அதிகம். அதுக்குப் பக்கவாட்டுல திறந்து கிடக்கு. 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துது, வீலோட ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது, அங்கருந்து கிளம்பற தூளுக்கு உங்க பவர் கண்ணாடி எம்மாத்திரம்? பக்கம் மூடுன பாலிகார்பனேட் கண்ணாடி வாங்குங்க, கிரைண்டர் பிடிக்கறப்ப அதுக்கு மேல முகத்துக்கு ஷீல்டும் போடுங்க. வீடியோ எடுக்கற பிரெண்டுக்கும் ஒண்ணு குடுங்க, மூணு கேஸ்ல ஒருத்தன் போன் பிடிச்சிட்டு நின்னவன். வேலை முடிஞ்சதும் கண்ணாடியக் கழட்டறதுக்கு முன்னாடி தலைமுடியையும் புருவத்தையும் துடைச்சிருங்க, அங்க ஒட்டியிருக்கற தூள்தான் ராத்திரி கண்ணைக் கசக்கும்போது உள்ள விழும்.

மேலாப்புல தூசி விழுந்தா சுத்தமான தண்ணியில கழுவுங்க, போகலைன்னா அன்னிக்கே வாங்க. சில மணி நேரத்துலயே கருவிழில துரு பிடிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் அதையும் சேத்து சுரண்டி எடுக்கணும். ஊசி, தீக்குச்சி, சட்டை நுனி வெச்சு எடுத்துவிடற பக்கத்து பட்டறை அண்ணன்கிட்ட கண்ணைக் காட்டாதீங்க. மெடிக்கல்ல போய் மரத்துப்போற சொட்டு கேக்காதீங்க, அது கருவிழியையே அரிச்சிடும். ஸ்டீராய்டு சொட்டும் அப்படித்தான், காளான் கிருமி இருந்தா அதுக்கு நீங்களே சோறு போட்டு வளர்க்கற மாதிரி.

சுத்தி அடிக்கும்போது சுருக்குன்னு பட்டுச்சா, வலி இருந்தாலும் இல்லாட்டியும் கிளம்புங்க. கழுவாதீங்க, கசக்காதீங்க, பஞ்சு வெச்சு அமுக்காதீங்க. ஒரு பேப்பர் கப்போட அடிப்பாகத்தை வெட்டி எடுத்து கண்ணு மேல படாம கவுத்து டேப் ஒட்டிக்கோங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால எதுவும் சாப்பிடாம வாங்க, வண்டிய வேற யாராவது ஓட்டட்டும். வந்ததும் "சுத்தி அடிச்சேன்"ங்கற வார்த்தைய முதல்ல சொல்லுங்க, இரும்பு இருக்கலாம்னு சந்தேகம் இருக்கறப்ப எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, அந்தக் காந்தம் உள்ள இருக்கற சில்லை இழுத்துடும். எந்த இரும்பை அடிச்சீங்களோ அதுலயும் ஒரு துண்டு கையோட எடுத்துட்டு வாங்க, அது காந்தத்துல ஒட்டுதான்னு பாத்துட்டுதான் உள்ள இருக்கறதை எப்படி எடுக்கறதுன்னு ரெட்டினா (விழித்திரை) டாக்டர் முடிவு பண்ணுவார்.