காடைக் கூண்டு வாங்குமுன்: லைசென்ஸ் வேண்டுமா, கடன் கிடைக்குமா?

கொல்லையில் நூறு காடை வளர்க்க வனத்துறை லைசென்ஸ் வேண்டும் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காடையும் வருகிறது என்பதால், புதுப் பண்ணைகளுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் சொன்னது. அந்தப் பயம்தான் இன்னும் போகவில்லை. பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக்கு அந்தக் கட்டுப்பாடு பிறகு நீங்கிவிட்டது. நாமக்கல் காடை, நந்தனம் காடை என்று குஞ்சு விற்கிறார்களே, அவை இந்த வகைதான். வயலில் கண்ணி வைத்துப் பிடித்த காட்டுக்காடை வேறு கதை. அதைப் பிடிப்பதும் விற்பதும் இன்றைக்கும் குற்றம். அதனால் குஞ்சு வாங்கியதற்கு பில் இருக்கட்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு 5,000 பறவைகள் முதல்தான் தேவை. பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் என்று பஞ்சாயத்தில் புகார் கொடுத்தால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, பணம்? 250 கோழிகளுக்கு 50% மானியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நாட்டுக்கோழிப் பண்ணைக்கு. தேசிய கால்நடை இயக்கத்தின் 25 லட்சம் வரையிலான மானியமோ குறைந்தது 1,000 தாய்க்கோழிகள் வைத்துக் குஞ்சு பொரிக்கிறவர்களுக்கு. கொல்லைக் காடைக்கு இரண்டுமே ஒட்டாது.

கைக்கு எட்டுவது கிசான் கிரெடிட் கார்டு. 2019 முதல் கால்நடை, கோழி, பறவை வளர்ப்போருக்கும் தருகிறார்கள். தனியாளும் வாங்கலாம், சுயஉதவிக் குழுவும் வாங்கலாம். ஆனால் இது தீவனம், மருந்து, கரண்ட் போன்ற நடப்புச் செலவுக்கான கடன். கூண்டு வாங்க இல்லை. சொந்தமோ வாடகையோ, கொட்டகை ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கடன் வந்ததும் கூண்டு செய்யலாம் என்று காத்திருக்கிறார்கள்.

ஆகவே கூண்டுக் கணக்கை முதலில் போடுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு 3 அடி நீளம், 2½ அடி அகலம், 1½ அடி உயரக் கூண்டில் 100 குஞ்சுகள் நிற்கும். அதன்பின் 4 அடிக்கு 2½ அடிக் கூண்டில் 50 பறவைதான். அதாவது நூறு காடைக்குப் பெரிய கூண்டு இரண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இடம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் எச்சம் விழ, இழுத்துக் கழுவுகிற மாதிரி தட்டு கட்டாயம். நாற்றப் புகார் அங்கேதான் தொடங்குகிறது. குஞ்சு பத்து கிராம்கூட இருக்காது, வலைக்கண்ணில் கால் மாட்டிக்கொள்ளும். முதல் சில நாள் தரையில் காகிதம் விரியுங்கள், தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள். இல்லையென்றால் மூழ்கிச் சாகும். மிரண்டால் காடை நேரே மேலே எம்பும், மேல்வலையில் கூரான கம்பிமுனை நீட்டிக்கொண்டிருந்தால் மண்டை கிழியும்.

கூண்டை நிறுத்தியபின் வங்கிக்குப் போங்கள். ஒரு பறவைக்கு இவ்வளவு என்று உங்கள் மாவட்டத்தில் நிர்ணயித்த அளவை வைத்துத்தான் தொகை போடுவார்கள். கால்நடைப் பிரிவில் 2 லட்சம் வரை வட்டி 7%, தவணை தவறாமல் கட்டினால் 3% குறைந்து 4%. ஒரு முறை தேதி தாண்டினாலும் அந்த 3% போய்விடும். காடை ஐந்து வாரத்தில் விலைக்கு வந்துவிடுவதால், விற்ற கையோடு கணக்கில் கட்டிவிட்டு அடுத்த தொகுதிக்கு மீண்டும் எடுப்பது நல்லது.