ஸ்வெட்டரைக் கழட்டிட்டு ஏறும்மா

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மார்கழிக் காலை. தேயிலை பறிக்கும் பெண் ஒருவர் எடை மெஷின்மேல் ஏறுகிறார். ஆறாம் மாதம். "ஸ்வெட்டரைக் கழட்டிட்டு ஏறும்மா" என்கிறார் நர்சம்மா. ஸ்வெட்டர், சால்வை, ஷூ எல்லாம் இறங்கியதும் முள் ஒரு கிலோவுக்கு மேல் பின்வாங்குகிறது. கூட வந்த மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. போன மாதத்தைவிட ஒன்றரை கிலோதானே கூடியிருக்கிறது, பிள்ளை வளரவில்லையோ?

அந்தக் கணக்கே வேறு. 24 வாரத்தில் வயிற்றுப் பிள்ளையின் எடை சுமார் 600 கிராம்தான். தாய் அதற்குள் நாலைந்து கிலோ ஏறியிருப்பார். மிச்சமெல்லாம் எங்கே போனது?

பத்து மாதமும் நிறைந்தபின் கூட்டிப் பார்க்கலாம். பிள்ளை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குச் சற்று மேல், பனிக்குட நீர் முக்கால் கிலோ. வெறும் 70 கிராம் இருந்த கர்ப்பப்பை ஒரு கிலோவாகிவிடும். மார்பகத்தில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கூடுதல் ரத்தம் ஒன்றேகால் கிலோ, திசுக்களுக்கிடையே தேங்கும் நீர் ஒன்றரை கிலோ. இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு ஒரு 3 கிலோ. பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு முன்கூட்டியே போட்டுவைக்கும் சேமிப்பு அது. ஆக, பன்னிரண்டு கிலோவை ஒட்டி வருகிறது. பிள்ளையின் பங்கு அதில் கால்வாசி.

இந்தப் பட்டியலில் எனக்கு வியப்பாக இருப்பது ரத்தம். அதன் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம்வரை கூடுகிறது. ஆனால் கூடுவதில் பெரும்பங்கு பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. குழம்பில் தண்ணீர் விட்டதுபோல ரத்தம் நீர்த்துப்போகும். அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பே; 100 மில்லி ரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாகவே உற்பத்தி செய்யும். ஆகவே சென்னையில் 11 என்பதும் ஊட்டியில் 11 என்பதும் ஒன்றல்ல. உயரத்துக்கு ஏற்ப ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஊர் டீயும் இங்கே குறுக்கே வரும். அதிலுள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையை விழுங்கிய கையோடு டம்ளரைத் தூக்கினால் மாத்திரை பாதி வீண். ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

உயரம் பிள்ளையின் எடையையும் தொடும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் குறைகிறது என்று அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் கணக்கிட்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உயரத்திலேயே வாழும் திபெத்தியர்களிடம் இந்தக் குறைவு மிகக் கம்மி. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் அவர்களுக்குத் தாராளமாக இருப்பது ஒரு காரணம். நீலகிரி அவ்வளவு உயரமில்லை, பயப்பட ஒன்றுமில்லை. (மலை ஏறினால் ஈர்ப்புவிசை குறைந்து மெஷினும் எடையைக் குறைத்துக் காட்டுமே என்று கேட்பவர்களுக்கு: காட்டும். ஆனால் 60 கிலோ ஆளுக்கு 50 கிராம்கூட வராது.)

முதல் மூன்று மாதம் மசக்கையில் ஒன்றிரண்டு கிலோ இறங்குவதும் உண்டு. அப்புறம் மாதத்துக்கு இரண்டு கிலோவை ஒட்டி ஏறுவது பொதுவான கணக்கு; ஒல்லியானவர்கள் மொத்தத்தில் கூடுதலாகவும், ஏற்கெனவே பருமனானவர்கள் குறைவாகவும் ஏறினால் போதும். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று மாமியார்கள் சொன்னாலும், மூன்று மாதத்துக்குப் பிறகு தினமும் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரிதான். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவே.

அப்படியானால் ஒரு கிலோ முன்பின் இருந்தால் என்ன, ஸ்வெட்டரோடு நிறுத்தால் என்ன? அங்கேதான் நர்சம்மாவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பும் பிள்ளையும் மெதுவாகத்தான் வளரும். நீர்தான் சட்டென்று ஏறும். சாயங்காலத்தில் கால் வீங்குவது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் ஒரே மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினால் செவிலியர்கள் உஷாராவார்கள். இரட்டைப் பிள்ளையாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம். கர்ப்பகால ரத்த அழுத்த நோயாகவும் இருக்கலாம். இந்த நோயில் ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிந்து நீர் வெளியே தேங்கும். முகமும் கையும் வீங்கும், தலைவலி விடாது, கண் மங்கும், சிறுநீரில் புரதம் போகும், அழுத்தம் 140/90-ஐத் தாண்டும். வலிப்புவரை கொண்டுபோய்விடக் கூடியது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஐப்பசியில் ஸ்வெட்டரோடும் கார்த்திகையில் ஸ்வெட்டர் இல்லாமலும் நிறுத்தால், எடை எழுதும் அட்டையில் ஏறவேண்டிய ஒரு கிலோ நீர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதனால்தான் அந்த அறையின் கதவோரம் ஆணியடித்து ஒரு கொடி கட்டியிருக்கிறார்கள். ஸ்வெட்டர்களும் சால்வைகளும் அதில் தொங்குகின்றன.