ஒழுங்கைக்குள் வரும் பொலிஸ் சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், கோண்டாவில் பக்கத்து ஒழுங்கைகள் பொலிஸ் ஜீப்புக்காகப் போட்டவை அல்ல. எதிரே ஒரு ஓட்டோ வந்தால் ஜீப் பின்னால்தான் எடுக்கவேண்டும். அதன் இரைச்சல் மூன்று வளவுக்கு அப்பாலேயே கேட்கும். மதிலில் ஏறியவன் இறங்கி ஓட அந்த நேரம் போதும். சைக்கிளுக்கு இந்தக் குறை இல்லை. ஆனாலும் மிதித்துக்கொண்டு போவதை ரோந்து என்று சொல்லமுடியாது. எங்கே இறங்கி நிற்கிறார்கள், யாரோடு கதைக்கிறார்கள் என்பதில்தான் பயன் இருக்கிறது.

1987 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், கட்டுமான வேலைகளால் பொலிஸ் கார்கள் நெரிசலில் சிக்கியபோது இரண்டு உத்தியோகத்தர்கள் மவுண்டன் பைக்கில் ரோந்து தொடங்கினார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதிகளில் வாகனம் ஓடாதபோது எங்களுக்கும் அதே தேவைதான்.

இருவராகப் போகவேண்டும். ஒருவர் முன்னே, மற்றவர் நாலைந்து மீற்றர் பின்னே. வேகம் மணிக்கு 10 முதல் 15 கிலோமீற்றர் போதும். கூடினால் வேலிக்கு அங்கால் கேட்கும் சத்தம் காதில் விழாது. மூச்சிரைக்கப் போய் ஒருவரை விசாரிப்பது பெரிய பிழை. குரல் தானாக உயரும், சின்னக் கேள்வியும் சண்டையாகிவிடும். 20 மீற்றருக்கு முன்பே மிதிப்பதை விட்டு, உருளவிட்டு, மூச்சு இறங்கியபின் பேசவேண்டும். இறங்கும்போது சைக்கிள் உங்களுக்கும் விசாரிக்கப்படுபவருக்கும் நடுவில் நிற்கட்டும். நாய் துரத்தினாலும் இதேதான். மிதித்துத் தப்பப் பார்த்தால் அது இன்னும் துரத்தும்.

மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி அறுப்பவர்களைச் சைக்கிளில் துரத்தவே கூடாது. இலக்கத்தகடு, தலைக்கவசத்தின் நிறம், போன திசை மூன்றையும் உடனே வோக்கியில் சொல்வதே வேலை.

ரோந்தை அடிக்கடி நிறுத்துவது பஞ்சர். நெருஞ்சியும், வேலி கட்டியபின் கூட்டாமல் விட்ட முள்ளும் காரணம். 26 அங்குல, 1.95 அங்குல அகல ரயருக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும். குறைந்தால் குழியில் விழும்போது றிம் ரியூபை நசுக்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பையில் உதிரி ரியூப், ரயர் லீவர் இரண்டு, கைப்பம்ப் இருக்கவேண்டும். குருநகர், பாசையூர் கரையோரங்களில் உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும். கிழமைக்கொருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள், பிறேக் ரப்பரில் மட்டும் படக்கூடாது. பெடல் கீழே நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் அளவுக்குச் சீற்றை உயர்த்துங்கள். தாழ்ந்த சீற்றில் நாலு மணித்தியாலம் ஓடியவர் அடுத்த நாள் ஜீப்தான் கேட்பார்.

நேரத்திலும் பிழை விடுவதுண்டு. தினமும் ஆறு மணிக்கு அதே ஒழுங்கையால் போனால் இரண்டு கிழமையில் ஊருக்கே அந்த நேரம் தெரிந்துவிடும். மாற்றக்கூடாத நேரம் ஒன்றுதான்: இரவு ரியூசன் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் அரைமணித்தியாலம்.

சீருடை படலையடியில் நின்றாலே நெஞ்சு படபடக்கும் ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அதனால் சோடியில் ஒருவராவது தமிழ் நன்றாகக் கதைக்கவேண்டும். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

அவசரத்துக்கு 119. பதற்றத்தில் பலர் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். “வைரவர் கோயிலடி ஒழுங்கை, இடக்கைப்பக்கம் மூன்றாவது படலை, நீலக் கேற்” என்று சொன்னால் சைக்கிள் நேரே வந்து நிற்கும். அந்த வரியை இன்றே ஒரு தாளில் எழுதி, வயது போனவர்களுக்கும் தெரியும்படி தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.