ஸ்தேவான் 'தியாகி' அல்ல

இயேசுவைப் பற்றிப் பேசியதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்டதாகப் புதிய ஏற்பாடு சொல்லும் ஸ்தேவானைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை எதை எடுத்தாலும் 'முதல் கிறிஸ்தவத் தியாகி' என்றே இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் அப்படி எழுதினால் போகட்டும் என்று விடலாம். சபைக்காரர்களும் அல்லவா எழுதுகிறார்கள்! அதற்கு மேல் 'உயிர்த்தியாகி' என்று ஓர் ஒட்டு வேறு.

இவர்கள் 'தியாகி' என்று பெயர்க்கும் ஆங்கில 'மார்ட்டர்' (martyr) என்பதன் மூலச்சொல் கிரேக்க 'மார்த்துஸ்'. கண்டதையும் அறிந்ததையும் மன்றத்தில் எடுத்துச் சொல்பவர் என்பது பொருள். சாவு அதில் இல்லை, பின்னால் வந்து ஏறியது. 'சாட்சி' வடமொழிச் சொல். 'அக்ஷி' என்றால் கண்; கண்ணால் கண்டவர் சாட்சி. பழந்தமிழில் இதற்குக் 'கரி' என்று பெயர். 'இந்திரனே சாலுங் கரி' என்பது குறள். இன்று அதைக் கொண்டுவந்தால் அடுப்புக்கரி என்றுதான் படிப்பார்கள், ஆகவே விட்டுவிடுவோம்.

தியாகம் என்றால் விட்டுக்கொடுத்தல். 'தியாகி' என்றதும் அவர் எதை இழந்தார் என்று மனம் தேடுகிறது. 'சாட்சி' என்றால் என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றும். ஸ்தேவான் காரியத்தில் இரண்டாவது கேள்விதான் பொருத்தம். மனுஷகுமாரன், அதாவது இயேசு, தேவனுடைய வலதுபக்கத்தில் நிற்பதைக் 'காண்கிறேன்' என்றார்; கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பாய்ந்தார்கள், கல்லெறிந்தார்கள். பவுல் பிற்பாடு அவரை 'உம்முடைய சாட்சி' என்றே குறிப்பிடுகிறார் (அப்போஸ்தலர் 22:20). வெளிப்படுத்தல் 2:13இல் கொல்லப்பட்ட அந்திப்பாவும் 'உண்மையுள்ள சாட்சி'தான். அதே நூலின் 1:5இல் இயேசுவுக்கே அந்தப் பட்டம். அங்கே 'உண்மையுள்ள தியாகி' என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் நிற்காது.

ரோம விசாரணைகளின் நடைமுறையும் இதைத்தான் காட்டுகிறது. சுமார் 112ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியாவின் ஆளுநர் பிளினி தன் முறையைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதி அனுப்பினான்: நீ கிறிஸ்தவனா என்று கேட்பேன், ஆம் என்றால் தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பேன், அப்போதும் மாறாவிட்டால் கொலைத்தண்டனை. இல்லை என்று சொல்லி, தெய்வங்களை வணங்கி, பேரரசரின் உருவத்துக்குத் தூபம் காட்டிக் கிறிஸ்துவைச் சபித்தவர்களை விட்டுவிட்டான். 180இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் 12 கிறிஸ்தவர்களுக்கு யோசித்துப் பார்க்க 30 நாள் தவணை தர ஆளுநர் முன்வந்தான். வேண்டாம் என்றார்கள். யாரும் அவர்களிடம் உயிரைக் கேட்கவில்லை. கேட்டது ஒரு வாக்குமூலத்தை.

250இல் பேரரசர் டெசியஸ் ஆணையிட்ட துன்புறுத்தலில் இது இன்னும் துலக்கம். ஒவ்வொருவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலிப்பொருளைச் சுவைத்து, அதிகாரிகளின் கையெழுத்தோடு சான்றிதழ் பெறவேண்டும். அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40க்கு மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துக் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கை சுத்தம், சிலையைத் தொடவில்லை. ஆனாலும் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் அவர்களைச் சும்மா விடவில்லை. மனம் வருந்தித் திரும்பச் சொன்னார். பொய்ச்சான்று பொய்ச்சான்றுதானே! தியாகக் கணக்கில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை, சாட்சிக் கணக்கில் முதல் வரியே இதுதான்.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? கத்தோலிக்கர் முன்பு 'வேதசாட்சி' என்றார்கள், இப்போது 'மறைசாட்சி' என்கிறார்கள். பழக்கமில்லாத காதுக்கு அது மறைந்து நின்று சாட்சி சொன்னவரைப் போல ஒலிக்கிறது, வினைத்தொகையின் தொல்லை. சீர்திருத்தச் சபையாரின் 'இரத்தசாட்சி' குழப்பமில்லாதது, ஆனால் பார்வை இரத்தத்தின் மேல் போகிறது. மலையாளத்தில் அதே சொல் கட்சித் தொண்டர்கள் வரை போய்விட்டது. தனித்தமிழ் அன்பர்கள் 'சான்று' என்பார்கள். இன்றைய வழக்கில் அது ஆளைவிடக் காகிதத்தையே நினைவூட்டுகிறது. கொல்லப்பட்டவருக்கு 'மறைசாட்சி' அல்லது 'இரத்தசாட்சி', உயிரோடு நிற்பவருக்கு வெறும் 'சாட்சி' என்பது என் முடிவு. 'தியாகி'யை விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு விட்டுவிடலாம். உயிரோடிருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களையும் அப்படித்தானே அழைக்கிறோம்?

'மனச்சாட்சி'யிலும் இதே சொல்தான் உட்கார்ந்திருக்கிறது. கிரேக்க 'சுனெய்தேசிஸ்' என்பதற்கு 'உடன் அறிதல்' என்றே பொருள், அதில் சாட்சி இல்லை. ஆனால் ரோமர் 2:15இல் பவுல் அதைச் 'சாட்சியிட' வைக்கிறார். ஆக, தமிழ்ச்சொல் அவர் கருத்துக்கு மூலத்தைவிட நெருக்கம். இப்போது நடப்பதோ வேறு. 'என் மனச்சாட்சிப்படி செய்தேன்' என்றால் எனக்குத் தோன்றியபடி செய்தேன், யாரும் கேட்காதே என்று அர்த்தம். சாட்சியைத் தூக்கி நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பவுல் 1 கொரிந்தியர் 4:4இல் தன்மேல் ஒரு குற்றமும் தெரியவில்லை என்கிறார்; அதனால் தான் நீதிமான் ஆகிவிடவில்லை, விசாரிக்கிறவர் கர்த்தர் என்று அடுத்த மூச்சிலேயே சேர்க்கிறார். சூடுபட்ட மனச்சாட்சி உண்டென்றும் (1 தீமோத்தேயு 4:2) எச்சரிக்கை வருகிறது. மரத்துப்போனால் அந்தச் சாட்சி வாயே திறக்காது.

1943 ஆகஸ்ட் 9 அன்று ஹிட்லரின் படையில் போரிட மறுத்ததற்காகத் தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டு சொல்லும் வேண்டியிருக்கும். மனச்சாட்சி சொன்னதால் மறுத்தார், மறுத்ததால் மறைசாட்சி ஆனார். 2007இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்ததும் மறைசாட்சி என்ற முறையில்தான். அங்கே 'தியாகி' என்று எழுதினால் முதல் சொல்லுக்கும் இரண்டாவதற்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.