பேஸைக் கூட்டாதீர்கள், பொக்ஸை நகர்த்துங்கள்

இந்தக் கிழமையும் திருத்தவென்று ஒரு பாட்டுச் செற் வந்தது. கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகிவிட்டது, தாழ்ந்த சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் கம்பிச்சுருள் உரசுகிறது. கொண்டுவந்தவர் கிளிநொச்சியில் புது வீடு குடிபுகுந்த பொடியன். "அண்ணை, பேஸும் ட்ரெபிளும் ஃபுல்லிலதான் விட்டனான், அப்பவும் பாட்டு விளங்கேல்லை" என்றான். விளங்காதுதான்!

பேஸ் (தாழ்ந்த சத்தம்), ட்ரெபிள் (கீச்சுச் சத்தம்) குமிழ்களை வலது கோடி வரை திருகினால்தான் செற்றின் முழுப் பவரும் வரும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, வன்னி முழுக்க இதே நம்பிக்கை. நடுவில் இருக்கிற பூச்சியம்தான் இயல்பான நிலை. பேஸை 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூட்டினால், அந்தத் தாழ்ந்த சுரங்களுக்கு அம்ப், அதாவது ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் அம்ப்ளிஃபயர், இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 5 வாட்ஸில் சுகமாகப் பாடிய அம்ப்பிடம் 50 கேட்கிறீர்கள். அதனிடம் இருப்பதே 40. சத்த அலையின் முனை வெட்டுப்படும், அதில் பிறக்கும் கீச்சுச் சத்தம் போய் ட்வீட்டரைச் சுடும். "வொலியூம் குறைவாத்தானே இருந்தது" என்று என்னிடம் சொல்ல வேண்டாம். வொலியூம் எண்ணுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

கிடுகுக் கொட்டிலில் பேஸ் வெளியே போய்விடும், ட்ரெபிளை ஓலை குடித்துவிடும். அங்கே கொஞ்சம் கூட்டத்தான் வேண்டியிருந்தது. இப்போது சீமெந்துச் சுவர், ரைல்ஸ் தரை, வெறும் அறை. குமிழ் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

பத்துக்குப் பத்து அறைதான் மோசம். 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே 57 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பேஸ் சுரம் எழும்பி நிற்கும். நான்கு சுவரும் அதே சுரத்தைத் தூக்கும். வேடிக்கை என்னவென்றால், அறையின் நடுவில் அது கேட்கவே கேட்காது. நடுவில் கதிரை போட்டிருக்கும் மகன் பேஸ் காணாது என்று திருகுவார். சுவரோரம் இருக்கும் அம்மாவுக்குத் தலையிடி.

முதலில் இரண்டு குமிழையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் பொக்ஸை மூலையிலிருந்து வெளியே எடுங்கள், சுவருக்கு ஒன்றரை அடியாவது விடுங்கள். கதிரையை நடுவிலும் போடாதீர்கள், சுவரோடும் ஒட்டாதீர்கள். பிறகு கையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று திரும்பி வந்தால் தடித்த திரைச்சீலை, மெத்தை, கம்பளம் என்று ஏதாவது உள்ளே வரவேண்டும். முட்டை மட்டை ஒட்டுகிறவர்களே, தயவுசெய்து விடுங்கள், அது பேஸைத் தொடாது. இதெல்லாம் முடிந்த பிறகு செய்தி வாசிக்கும் குரல் ஒன்றைப் போட்டு, அது தெளியும் வரை கொஞ்சமாகத் திருத்துங்கள். அனேகமாகக் குறைக்கத்தான் வேண்டிவரும்.

கனடாவிலிருந்து வந்த செற் என்றால் அதற்கும் முதல் பின்பக்கம் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் எங்கள் 230இல் நேரே குத்த வேண்டாம்.

பாட்டு கரகரத்தால் அந்த நிமிடமே குறையுங்கள், பிள்ளைகளே. ட்வீட்டர் என்றால் மாற்றித் தரலாம். வூஃபரும் போனால் அதே அளவில் இன்னொன்று தேடி யாழ்ப்பாணம் வரை நான்தான் அலைய வேண்டும்.