தெனாகா மின் பில்லில் வரும் 1.6 விழுக்காடும், நம் ஊருக்கு வராத காற்றாலையும்

தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய் மலேசியாவின் சுங்கை சிப்புட் திரும்பியவர்கள் கேட்பது இதுதான்: அங்கே கணவாயில் வரிசையாகக் காற்றாலை சுற்றுகிறதே, நம் தோட்டத்து மேட்டிலும் நாலு வைத்து மின்சாரத்தை மின் நிறுவனமான தெனாகாவுக்கு விற்கலாமே?

நியாயமான ஆசை. ஆனால் விலைக்கு உத்தரவாதம் தரும் திட்டத்தில் காற்றுக்கு இடமில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான அரசு அமைப்பான செடா நடத்தும் அந்த ‘ஃபிட்’ திட்டம் உயிர்வாயு, உயிர்க்கழிவு, சிறு நீர்மின்சாரம், சூரிய ஒளி ஆகிய நான்கோடு தொடங்கியது. தொடங்கியபோது முதல் இரண்டுக்கும் 16 ஆண்டு, மற்றவற்றுக்கு 21 ஆண்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நிலையான விலை.

காற்றை ஏன் விட்டார்கள்? வேகம் பாதியானால் காற்றில் உள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நம் நாட்டில் பெரும்பாலும் மென்காற்றுதான். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரைக்குத்தான் பலம். மேற்கே இருக்கும் நம் பக்கம் வரவிடாமல் தீத்திவாங்சா மலைத்தொடர் மறித்து நிற்கிறது. கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பெர்ஹெந்தியான் தீவில் 2007இல் தலா 100 கிலோவாட்டில் இரண்டு காற்றாலை நிறுவினார்கள். கடல்காற்று அடிக்கும் அங்கேயே சூரியத் தகடும் டீசலும் துணைக்குத் தேவைப்பட்டன.

சரி, ‘ஃபிட்’ திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். பில்லில் ‘கே.டபிள்யூ.டி.பி.பி.’ என்றொரு கட்டணம் இருக்கும், பாருங்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு, 100 ரிங்கிட் மின்கட்டணத்துக்கு 1 ரிங்கிட் 60 சென். மாதம் 300 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடுகளுக்கு இது கிடையாது. அதனால் லயத்து வீட்டில் விசிறியும் விளக்கும் மட்டும் வைத்திருக்கும் பாட்டிக்கு இந்தக் கட்டணம் இருக்காது. ஏர்கோன் ஓடும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு அந்த 300ஐத் தாண்டிவிடும்.

இந்தப் பணம் தோட்டப்புறத்துக்கே திரும்பி வரவும் வழி இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் நாற்றம் நமக்குப் பழகியதுதானே. அந்தக் குளத்திலிருந்து எழும் மீத்தேனை மூடிப் பிடித்து எரித்தால் மின்சாரம். அது உயிர்வாயுக் கணக்கில் வரும். நார், ஓடு, வெறுங்குலை எல்லாம் உயிர்க்கழிவு. ‘ஃபிட்’ திட்டத்தில் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது ஆலை நிர்வாகம். தனி வீட்டுக்காரர் அல்ல. ஆகவே தோட்டக் கூட்டத்தில் காற்றாலை கேட்பதைவிட, அந்தக் குளத்தை மூடி வாயுவை எப்போது பிடிக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.